ஒரே சிப், மூன்று விலை: இது வியாபாரமா, ஏமாற்றா?

ஜனவரி 6, 2026 (ஒரு வாசகரின் கேள்வி)

சிப் கம்பெனிகள் ஒரே டிசைனைத்தான் செய்கின்றன. அப்புறம் சிலதில் இரண்டு கோரை (கணக்குப் போடும் பகுதி) அணைத்து, கேஷை (பக்கத்திலேயே வைக்கும் சின்ன வேக நினைவகம்) குறைத்து, "பட்ஜெட் மாடல்" என்று விற்கின்றன. ராமிலும் (கணினியின் தற்காலிக நினைவகம்) இதே கதைதான், உள்ளே இருக்கும் சிப் ஒன்று, ஸ்டிக்கர் மட்டும் வேறு. செய்யும் செலவு ஒன்றாக இருக்கும்போது விலைக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? எல்லாமே மார்க்கெட்டிங் ஏமாற்றுதானே?

ஜனவரி 6, இரவு

பாதி சரி. செய்யும் செலவு கிட்டத்தட்ட ஒன்று என்பது உண்மை. அதனால் எல்லாம் ஏமாற்று என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு வேஃபரில் (சிலிக்கான் தட்டில்) நூற்றுக்கணக்கான சிப்புகள் ஒன்றாக உருவாகின்றன. எல்லாம் முழுசாக வருவதில்லை. எங்கோ ஒரு நுண்ணிய குறை, ஒரு கோர் செத்திருக்கும். அந்தச் சிப்பைக் குப்பையில் போடலாம், அல்லது செத்த கோரை அணைத்துவிட்டுக் கீழ் மாடலாக விற்கலாம். 2008-இல் ஏஎம்டி கம்பெனி மூன்று கோர் ஃபெனம் பிராசசர் விற்றது இப்படித்தான். மூன்று கோர் வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து வரையவில்லை, நான்கில் ஒன்றை அணைத்தார்கள். நாளாக நாளாகத் தயாரிப்பு சீராகி முழுசான சிப்புகள் கூடிவிடும். ஆனால் கேட்பவர்கள் கீழ் மாடலுக்குத்தான் அதிகம். அப்போது நல்ல கோரையும் அணைத்து அனுப்ப வேண்டியதாகிறது. 2009-இல் ஃபெனம் 2 எக்ஸ்3 720 வாங்கிய பலர் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) ஒரு அமைப்பை மாற்றி நான்காவது கோரை எழுப்பிக்கொண்டார்கள். சிலருக்கு அருமையாக ஓடியது, சிலருக்கு விண்டோஸே ஏறவில்லை. முதல் வகை ஆர்டருக்காக அணைக்கப்பட்டது, இரண்டாம் வகை நிஜமாகவே செத்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

டிசைனுக்கும் ஃபேக்டரிக்கும் போட்ட பணம்தான் மலை. கூடுதலாக ஒரு சிப் செய்யும் செலவு அதன் முன்னால் சிறியது. அந்த மலையில் யார் தலையில் எவ்வளவு இறக்குவது என்பதே விலை நிர்ணயம். எல்லோருக்கும் ஒரே விலை வைத்தால், மலிவு மாடல் வாங்குபவர் எதையும் வாங்க மாட்டார், மேல் மாடல் வாங்குபவர் கம்பெனி எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் கொடுத்துவிட்டுப் போவார்.

என் கட்சி இதுதான்: வெட்டி விற்பதில் எனக்குப் புகார் இல்லை. எதை வெட்டினார்கள் என்பது வாங்குபவருக்குத் தெரியாதபடி பெயர் வைப்பதில்தான் புகார். மெமரி மாட்யூல் விற்ற ஒரு கம்பெனியில் மார்க்கெட்டிங் பக்கம் வேலை பார்த்தவன் நான், பெட்டியின் மேல் எந்த எண்ணைப் பெரிதாக அச்சிடுவது என்ற கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

ஜனவரி 7

இதில் எனக்குப் பிடித்த பழைய கதை ஒன்று. 1991-இல் இன்டெல் 486 எஸ்எக்ஸ் என்று ஒரு பிராசசரை இறக்கியது. முழு மாடலான 486 டிஎக்ஸ்தான், ஆனால் தசமக் கணக்குப் போடும் பகுதி வேலை செய்யாது. தொடக்கத்தில் வந்தவற்றில் அந்தப் பகுதி உள்ளேயே இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். பிற்பாடு அந்த வசதி வேண்டும் என்றால் 487 எஸ்எக்ஸ் என்ற "துணைச் சிப்"பை வாங்கிப் பக்கத்து சாக்கெட்டில் செருகலாம். அந்தத் துணைச் சிப் என்ன தெரியுமா? கூடுதலாக ஒரு பின் வைத்த முழு 486 டிஎக்ஸ். செருகியதும் பழைய சிப்பைத் தூங்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் அதுவே பார்க்கும். ஆக ஒருவர் இரண்டு சிப்புக்குப் பணம் கொடுத்து ஒன்றைப் பயன்படுத்தினார்.

ஜனவரி 7, மாலை

"அது தாத்தா காலத்துக் கதை" என்கிறார் ஒருவர். சரி, 2010-க்கு வாருங்கள். பென்டியம் ஜி6951 வாங்கியவர்கள் 50 டாலருக்கு ஒரு அட்டை வாங்கி, அதில் உள்ள குறியீட்டைத் தட்டினால் ஹைப்பர் திரெடிங்கும் (ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கும் வசதி) கொஞ்சம் கேஷும் திறந்துகொள்ளும் என்று இன்டெல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜனம் கொதித்தது, திட்டம் அடுத்த வருடமே மூட்டை கட்டியது.

ஏன் கொதித்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். ஃபேக்டரியில் அணைத்து அனுப்பும்போது யாரும் கத்தவில்லை. அதே அணைப்பைத் தன் வீட்டு மேசை மேல் கண்ணால் பார்த்ததும் "என் சிப்பில் இருப்பதற்கே என்னிடம் காசா?" என்று தோன்றிவிட்டது. தர்க்கப்படி இரண்டும் ஒன்றே. ஆனால் விலை வைப்பவர் தர்க்கத்தை மட்டும் நம்பி இறங்கினால் இப்படித்தான் அடி வாங்குவார்.

ஜனவரி 10

எவ்வளவு வெட்டலாம் என்பதற்கு ஒரே வருடத்தில் இரண்டு பக்கமும் காட்டிய பாடம் 1998-இன் செலரான், இன்டெல்லின் மலிவு பிராசசர்.

அப்போது பென்டியம் 2-இல் 512 கிலோபைட் இரண்டாம் நிலை கேஷ், பிராசசரின் பாதி வேகத்தில் ஓடும். அந்தக் கேஷ் தனிச் சிப்புகளாக இருந்ததால் செலவும் அதிகம். மலிவு கணினி சந்தையை ஏஎம்டியும் சைரிக்ஸும் தின்றுகொண்டிருந்தன. ஏப்ரலில் இன்டெல் அவசரமாக 266 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற கிளாக் எண்) செலரானை இறக்கியது. அதில் இரண்டாம் நிலை கேஷையே தூக்கிவிட்டார்கள். பெட்டி மேல் மெகாஹெர்ட்ஸ் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அலுவலக வேலைகளில் சிப் நொண்டியது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

ஆகஸ்டில் 300ஏ வந்தது. வெறும் 128 கிலோபைட் கேஷ்தான், ஆனால் அதே சிலிக்கானுக்குள் இருந்தது, முழு வேகத்தில் ஓடியது. பல வேலைகளில் பென்டியம் 2-வை ஒட்டி வந்து நின்றது. அதோடு முடியவில்லை. சிப்பின் வேகம் என்பது மதர்போர்டின் பஸ் (தரவுப் பாதை) வேகத்தை ஒரு எண்ணால் பெருக்கியது. அந்தப் பெருக்கல் எண்ணை 4.5 என்று பூட்டியிருந்தார்கள், ஆனால் பஸ் வேகம் 66. மதர்போர்டில் அதை 100 ஆக்கினால் சிப் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும். பெரும்பாலானவை ஓடவும் செய்தன. அன்றைக்கு இன்டெல்லின் உச்ச மாடலே 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2. சில மாதங்களுக்கு முன் அதிகமாக வெட்டிக் கெட்ட பெயர் வாங்கிய கம்பெனி, இப்போது போதுமான அளவு வெட்டாமல் தன் விலை உயர்ந்த சரக்கைத் தானே குத்திக்கொண்டது.

இந்தத் துறையில் விலையையும் வேகத்தையும் சமன் செய்வது என்றால் பெரும்பாலும் போட்டிக் கம்பெனியோடு சமன் செய்வது என்று நினைக்கிறோம். உள்ளே இருந்தால் தெரியும், பாதி நேரம் சண்டை நம் சொந்த மேல் மாடலோடுதான். "இது நன்றாக இருந்தால் அது விற்காதே" என்ற வாக்கியம் எங்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும்.

ஜனவரி 11

மெகாஹெர்ட்ஸைப் பார்த்து வாங்கலாமா என்று கேட்டவருக்கு. ஒரே ஒரு எண்ணைக் காட்டி விற்கப் பழகிவிட்டால், அந்த எண்ணுக்காகவே சிப்பை டிசைன் செய்யும் நிலை வரும். 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 அப்படிப்பட்டது. 1.5 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும், ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலை பென்டியம் 3-ஐ விடக் குறைவு. வேலையைப் பல சின்னப் படிகளாக உடைத்த நீளமான பைப்லைன், கிளாக்கை ஏற்ற வசதி. ஏஎம்டிக்கு இதில் தர்மசங்கடம்: தன் சிப் வேகமானது, எண் சின்னது. 2001-இல் அத்லான் எக்ஸ்பி 1800+ என்று பெயர் வைத்தார்கள், அது ஓடியது 1.53 கிகாஹெர்ட்ஸில். தன் முந்தைய அத்லானோடு ஒப்பிட்ட எண் என்று ஏஎம்டி விளக்கம் சொன்னது. வாங்கியவர் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார், பக்கத்து அலமாரியில் இருந்த 1.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐத்தான் பார்த்திருப்பார். ஏஎம்டிக்கும் அதுதானே வேண்டும்.

சைரிக்ஸ் இதற்கு முன்பே இதைச் செய்தது, பிஆர்166+ ஓடியது 133 மெகாஹெர்ட்ஸில். அலுவலக வேலைக்கு அந்த எண் நியாயம். குவேக் என்ற வீடியோ கேம் விளையாடினால் சாயம் வெளுத்துவிடும், தசமக் கணக்கில் அது வீக்.

கடைசியில் இன்டெல்லே அந்த எண்ணில் சிக்கியது. சூடு தாங்க முடியாமல் 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐக் கைவிட்டார்கள். அப்போதைய தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட் ஒரு மேடையில் வேடிக்கையாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். அதே வருடம் தன் சிப்புகளுக்குக் கிகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு மாடல் எண்கள் கொடுக்கத் தொடங்கியது இன்டெல்.

ஜனவரி 15

இப்போது என் பேட்டைக்கு வருகிறேன். ராம்.

பெட்டியில் "டிடிஆர்4 3200 மெகாஹெர்ட்ஸ்" என்று போட்டிருந்தால் (டிடிஆர்4 என்பது ராமின் தலைமுறை), உண்மையில் கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பில் இரண்டு முறை தரவு போகிறது, அதனால் நொடிக்கு 320 கோடிப் பரிமாற்றங்கள். சரியான அலகு மெகாட்ரான்ஸ்ஃபர். எங்கள் கூட்டத்தில் ஒரு இன்ஜினியர் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் "போட்டிக் கம்பெனி மெகாஹெர்ட்ஸ் போடுகிறான், நாம் வேறு போட்டால் கேள்வி வரும்" என்று பதில் வரும். கேள்வி மெகாஹெர்ட்ஸ் போட்டாலும் வந்தது. ஒரு மென்பொருளில் பார்த்துவிட்டு "3200 என்றீர்கள், 1600தான் காட்டுகிறது" என்று வாரந்தோறும் மின்னஞ்சல்.

பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிஎல் எண் இருக்கும், லேட்டன்சி, அதாவது கேட்ட தரவு வருவதற்குக் காத்திருக்கும் துடிப்புகள். அதை நொடிக் கணக்கில் மாற்றிப் பாருங்கள்: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, பெரிய எண்ணால் வகுத்தால் நானோ நொடி கிடைக்கும். டிடிஆர்3 1600 சிஎல்8 என்றால் 10. டிடிஆர்4 3200 சிஎல்16 என்றால் 10. டிடிஆர்5 6000 சிஎல்30, அதுவும் 10. மூன்று தலைமுறையாக முதல் பைட் வருவதற்கான காத்திருப்பு அப்படியே நிற்கிறது. கூடியது அதற்கப்புறம் கொட்டும் அளவு. தொடக்க கால டிடிஆர்5 4800 சிஎல்40-ஐ எடுத்தால் 16.7 நானோ நொடி, நல்ல டிடிஆர்4-ஐ விட மோசம், ஆனால் விலை மேலே. புதுசு என்ற ஒரே காரணத்துக்காக அதை வாங்கியவர்கள் விளையாட்டுகளில் வித்தியாசம் தேடிக் களைத்தார்கள்.

எங்களிடமே ஒரு சூழ்நிலை வந்தது. 3200 சிஎல்16, 3600 சிஎல்18 என்று இரண்டு கிட் (ஒரே பெட்டியில் வரும் ராம் தொகுப்பு). கணக்குப் போட்டால் லேட்டன்சி இரண்டுக்கும் சமம், பின்னதில் அலைவரிசை (நொடிக்கு எவ்வளவு தரவு போகும் என்ற அளவு) கொஞ்சம் கூடுதல். அந்தக் கொஞ்சத்துக்கு எவ்வளவு விலை கூட்டலாம் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. எண் பெரிதாகத் தெரிகிறது, அதற்கு ஒரு படி மேல் விலை, அவ்வளவுதான் முடிவு.

ஜனவரி 16

ராமில் ஸ்டிக்கர் மட்டும்தான் வேறு என்று முதல் கேள்வியில் இருந்தது, அதைத் திருத்த வேண்டும். சிப்புகளைச் சோதித்து, எது எந்த வேகத்தைத் தாங்குகிறது என்று பிரித்துத்தான் கிட் கட்டுகிறார்கள். தாங்குவதற்கான உத்தரவாதம் ஸ்டிக்கரில் இருக்கிறது. அதில் காசு கேட்பது நியாயம்.

நியாயமில்லாதது வேறு. ஒரே மாடல் எண்ணில், இந்த வருடம் ஒரு கம்பெனியின் சிப், அடுத்த வருடம் வேறொன்று. பெட்டி அதே, விமர்சனக் கட்டுரைகளில் வந்த மதிப்பெண்ணும் அதே இடத்தில் நிற்கும், உள்ளே இருப்பது வேறு. சின்ன எழுத்தில் ஒரு பதிப்பு எண் மாறியிருக்கும். நான் இருந்த இடத்திலும் இது நடந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, சொல்லவும் செய்தேன், "அறிவித்த வேகம் வருகிறதா இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார்கள். வந்தது. வாதம் அங்கேயே முடிந்தது.

இன்னொன்று: 3200 என்று வாங்கிப் பொருத்தினால் பல போர்டுகளில் அது 2133-இலோ 2666-இலோ ஓடும். எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை பயாஸில் போய் இயக்கினால்தான் பெட்டி எண் வரும். தொழில்நுட்பக் கணக்கில் அது ஓவர்கிளாக், அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டுவது. இயக்காமலேயே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் ஏராளம். இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்போதே போய்ப் பார்த்தால் நான் எழுதியதற்குப் பலன்.

ஒற்றை 16 ஜிபி ராமுக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போட்டால், இரண்டு தரவுப் பாதை (சேனல்) கிடைத்து அலைவரிசை இரட்டிப்பு. 3200-இல் ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிகாபைட், இரண்டுக்கு 51.2. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி ஓட்டுபவருக்கு இது பெரிய மாற்றம். லேப்டாப் விளம்பரங்களில் இது எங்கேயும் இருக்காது. "16 ஜிபி" என்று முடிந்துவிடும்.

ஜனவரி 17

ஆர்ஜிபி (நிறம் மாறும்) விளக்கு போட்ட ராம் வேகமா என்று கேட்டவருக்கு: சிவப்பில் வைத்தால் வேகம் கூடும். நீலத்தில் சூடு குறையும். சும்மா சொன்னேன், விளக்குக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஜனவரி 21

ஒருவர் "என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டில் 4 ஜிபி என்று சொல்லி 3.5 ஜிபி கொடுத்தார்கள்" என்கிறார். அது சரியில்லை. 4 ஜிபி இருந்தது. கடைசி அரை ஜிபி மட்டும் மிக மெதுவான வழியாகப் போக வேண்டியிருந்தது. 2014-இல் வந்த கார்டு, 2015 ஜனவரியில்தான் இது வெளியே தெரிந்தது. கேஷ் அளவும் இன்னொரு பகுதியின் எண்ணிக்கையும் அறிவித்ததைவிடக் குறைவு என்பதும் அப்போதுதான் வந்தது. கடைசியில் அமெரிக்க வழக்கில் ஒரு கார்டுக்கு 30 டாலர் என்று சமரசம் பேசினார்கள். அந்தக் கார்டு அந்த விலைக்கு நல்ல கார்டு, இதுதான் வேடிக்கை. முதல் நாளே உண்மையைப் போட்டிருந்தாலும் விற்றிருக்கும்.

நான் சொல்லும் "பெயரில் மறைப்பது" என்பதற்கு இதைவிடச் சரியான உதாரணம் என்விடியாவின் இன்னொரு கார்டு, ஜிடி 1030. முதலில் ஜிடிடிஆர்5 மெமரியோடு (கிராபிக்ஸுக்கான வேக மெமரி) வந்தது, அலைவரிசை நொடிக்கு 48 ஜிகாபைட். 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு ஒன்று, சுமார் 17. அளவு இரண்டிலும் 2 ஜிபி. விளையாட்டில் வேகம் பாதிக்குப் பக்கத்தில் விழுந்தது. மெமரி வகையைப் படிக்கத் தெரிந்தவர் தப்பித்தார்.

அப்புறம் 2022-இன் ஆர்டிஎக்ஸ் 4080, அதே கம்பெனியின் கார்டு. 16 ஜிபி ஒன்று 1199 டாலர், 12 ஜிபி ஒன்று 899. வித்தியாசம் மெமரியில் மட்டும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கோர்கள் ஒன்றில் 9728, மற்றதில் 7680. சிலிக்கானே வேறு. எதிர்ப்பு வலுத்ததும் விற்பனைக்கு வரும் முன்பே 12 ஜிபி மாடலை வாபஸ் வாங்கினார்கள். அடுத்த ஜனவரியில் அதே சிப் 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது. பெயரில் ஒரு எண் மாறியதற்கு 100 டாலர். பெயருக்கு என்ன மதிப்பு என்று கம்பெனியே கணக்குப் போட்டுக் காட்டியது போல ஆகிவிட்டது.

ஜனவரி 22

நேற்று எழுதியதை மறுபடி யோசித்தேன். தகவலை வெளியே சொல்லிவிட்டால் போதுமா? ஏஎம்டி 2023-க்கான லேப்டாப் சிப்புகளுக்கு ஒரு எண் முறை வைத்து, எந்த இலக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று வட்டமாக ஒரு விளக்கப்படமும் வெளியிட்டது. அதன்படி ரைசன் 5 7520யு என்றால் மூன்றாவது இலக்கம் 2, அதாவது ஜென் 2, 2019-இல் வந்த வடிவமைப்பு. முதல் இலக்கம் 7 என்பதைத்தான் கடைக்காரரும் வாங்குபவரும் பார்க்கிறார்கள். எதையும் மறைக்கவில்லை, எல்லாம் படத்தில் இருக்கிறது. இதை நேர்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆக, எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்பது பொருட்டில்லை. பெட்டியைக் கையில் எடுப்பவர் எந்த இரண்டை ஒப்பிடுவாரோ, அந்த இரண்டுக்கும் நடுவே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 23

பென்ச்மார்க் (வேகச் சோதனை முடிவு) பார்த்து வாங்கினால் போதாதா? போதும், பல நாள். 2001-இல் ஏடிஐ என்ற கிராபிக்ஸ் கம்பெனியின் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஒன்று குவேக் 3 ஓடுகிறது என்று கண்டுபிடித்து, படத்தின் தரத்தைக் குறைத்து வேகம் காட்டியது. விளையாட்டுக் கோப்பின் பெயரை "குவாக்" என்று மாற்றியதும் வேகம் இறங்கிவிட்டது. 2024-இல்கூட, வேகச் சோதனைகளை வகுக்கும் ஸ்பெக் அமைப்பு, இன்டெல் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஒரு சோதனைக்கென்றே குறுக்குவழி வைத்திருந்ததாகச் சொல்லி 2600-க்கும் மேற்பட்ட முடிவுகளைச் செல்லாதவை என்று குறித்தது. இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள், உங்கள் வேலைக்கு நெருக்கமான சோதனையாக இருக்கட்டும்.

ஜனவரி 28

ராம் விலை திடீரென ஏறியதற்கு மார்க்கெட்டிங்கா காரணம் என்று கேட்கிறார்கள். மாட்யூல் விற்பவர்களைத் திட்டாதீர்கள், பாவம். டிராம் சிப் (ராம் மாட்யூலுக்குள் இருப்பது) செய்யும் பெரிய கம்பெனிகள் மூன்றுதான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். மாட்யூல்காரர் அவர்களிடம் வாங்கிப் பலகையில் வைத்து, ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர். சிப் விலை ஏறினால் அவரும் ஏற்ற வேண்டும். இப்போது ஏஐ சர்வர்களுக்கான எச்பிஎம் என்ற அதிவேக மெமரிக்குத் தயாரிப்பு திரும்பிவிட்டது, சாதாரண ராமுக்கு வேஃபர் குறைகிறது. 2025 டிசம்பரில் மைக்ரான் தன் குரூஷியல் நுகர்வோர் வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. லாபம் எங்கே என்று அதிலேயே தெரிகிறது.

சந்தேகப்படுவதும் தவறில்லை. 1990-களின் கடைசியிலிருந்து 2002 வரை டிராம் கம்பெனிகள் பேசிவைத்து விலை வைத்ததாக அமெரிக்காவில் வழக்கு நடந்தது. 2005-இல் சாம்சங் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் அபராதம் கட்டியது, ஹைனிக்ஸ் 18.5 கோடி.

பற்றாக்குறைக் காலத்தில் மார்க்கெட்டிங்கின் வேலை தலைகீழாகிவிடும். "குறைவாக இருந்தாலும் போதும்" என்று நம்ப வைக்க வேண்டும். ஆப்பிள் 2023-இல், பற்றாக்குறையே இல்லாதபோது, தன் மேக்கில் 8 ஜிபி என்றால் மற்றவற்றில் 16-க்குச் சமம் என்கிற மாதிரிப் பேசியது. 16-க்குப் போக 200 டாலர். அடுத்த வருடம் தொடக்க மாடலிலேயே 16 வைத்துவிட்டார்கள், பழைய வசனத்தை அப்புறம் காணோம்.

பிப்ரவரி 2

நல்ல உதாரணமே இல்லையா என்று சலித்துக்கொண்டவருக்கு: 2022-இல் ஏஎம்டி இறக்கிய ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசர். மேலே 64 மெகாபைட் கேஷை அடுக்கி மொத்தம் 96 ஆக்கினார்கள். கிளாக் மட்டும் பார்த்தால் சாதாரண 5800எக்ஸை விடக் குறைவு. வீடியோ வேலைக்கு அது பின்தங்கும், விளையாட்டில் தூக்கிச் சாப்பிடும். ஏஎம்டி அதை விளையாட்டுக்கு என்றே சொல்லி விற்றது, 449 டாலருக்கு. கூடியதையும் குறைந்ததையும் ஒன்றாகச் சொல்லி விற்க முடியும் என்று தெரிகிறது.

"30 சதவீதம் விலை அதிகம், 15 சதவீதம்தான் வேகம், எனவே நஷ்டம்" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். சிப்பின் விலையை மட்டும் வைத்துப் போடும் கணக்கு அது. மொத்தக் கணினியின் விலையில் சிப் கால் பங்கு என்றால், 30 சதவீத ஏற்றம் மொத்தத்தில் ஏழரைதான். ஏழரைக்குப் பதினைந்து கிடைத்தால் லாபம். ஆனால் அந்தப் பதினைந்து உங்கள் வேலையில் வந்தால்தான். ராம் பற்றாமல் திணறும் கணினியில் பிராசசரை மாற்றினால் ஏழரைதான் மிச்சம், சனியோடு சேர்த்து.

பிப்ரவரி 3

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, இன்டெல்லில் எஃப் எழுத்து போட்ட மாடலை எடுக்கலாமா என்கிறார். எடுக்கலாம். உள் கிராபிக்ஸை அணைத்த சிப் அது, எழுத்தே சொல்லிவிடுகிறது. 2019 தொடக்கத்தில் இந்த வகை வந்தபோது 9900கேஎஃப்-க்கும் 9900கே-வுக்கும் பட்டியல் விலை ஒன்றே, அதாவது கிராபிக்ஸ் இல்லாமல் இருப்பதற்குத் தள்ளுபடி பூஜ்யம். சில மாதம் கழித்துத்தான் விலையை இறக்கினார்கள். இப்போது வித்தியாசம் இருந்தால் எடுங்கள். ஒன்று மட்டும், கிராபிக்ஸ் கார்டு பழுதானால் மாற்றுக் கார்டு வரும்வரை திரையில் ஒன்றும் வராது. பழைய கார்டை விற்றுவிடாதீர்கள்.